ஆள் கொடுத்த தெரு

எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ஆள் கொடுப்பது’ என்று பெயர். வயலில் அடிதடி நடக்கும். யாருக்காவது மண்டை உடையும். மறுநாள் போலீஸ் வரும். அடித்தது யார் என்று துருவிக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது, சொல்வதற்கு எங்களுக்கும் வாய் வராது. அதனால் ஓர் எண்ணிக்கை பேசப்படும். ஐந்து பேர், எட்டுப் பேர் என்று. தெரு கூடி உட்கார்ந்து, இந்தத் தடவை யார் போவது என்று முடிவு செய்யும். போகிறவன் அடித்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவன்கூடக் கூண்டில் ஏறி நின்றிருக்கிறான். அறுவடைக் கூலிக்காகச் சண்டை நடந்த அந்த வருஷங்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. போய்வந்தவனுக்குத் தெருவில் மரியாதை உண்டு. அவன் வீட்டுக்கு மற்றவர்கள் நெல் கொடுப்பார்கள். நானும் அதில் ஒரு தப்பும் கண்டதில்லை, எனக்காக ஒருவரைக் கொடுக்கும்வரை.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறி ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. திருத்துறைப்பூண்டித் தாலுகாவில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையில் எங்கள் ஊர். எங்கள் தெரு முழுக்க வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள். எல்லாரும் கூலிக்கு வயல் வேலை செய்கிறவர்கள். ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் அந்தத் தண்ணீர் சாதியை மட்டும் கழுவியிருக்கவில்லை. கோயிலில் எங்களுக்கு இடது பக்கம், ஊர்த்தெருக்காரர்களுக்கு வலது பக்கம். மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரரும் வேதக்காரர்தான். அவர் வலது பக்கம் முதல் வரிசை.

எனக்கு இருபத்தொரு வயது. தெருவிலேயே முதலில் பத்தாவது தாண்டியவன் நான். வாத்தியார் டிரெய்னிங் முடித்துவிட்டு வேலை ஆர்டருக்குக் காத்திருந்தேன். அப்பா செத்து வெகுநாள் ஆகியிருந்தது. அம்மா நாற்று நட்டு, களை எடுத்து என்னைப் படிக்கவைத்திருந்தாள்.

அந்தத் தை மாதம் சம்பா அறுவடைக்குக் கேட்ட கூலியைக் கொடுக்கமாட்டேன் என்று மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். எங்கள் தெரு வரப்பில் போய் நின்றது. “நீ போவாதடா, உனக்கு அங்க என்ன வேலை?” என்றாள் அம்மா. போனேன். படித்தவன் என்ற திமிர் ஒன்று இருக்கிறதே, அது காலைச் சும்மா இருக்கவிடாது. வாய்ச்சண்டை முற்றியபோது காரியக்காரர் என்னைப் பார்த்து, என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கி, காம்புப் பக்கத்தால் வீசினேன். அவருடைய வலது முழங்கையில் விழுந்தது. பச்சை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அன்று மாலையே அம்மா என்னைக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே வெற்றிலைக் கடை வைத்திருந்த என் சின்னம்மா வீட்டில் மூன்று வாரம் பதுங்கிக் கிடந்தேன். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்கு ஓடுவேன். இரண்டாவது வாரம் அம்மா வந்து சேதி சொன்னாள்.

“நாலு பேரு போயிருக்காங்கடா. அடிச்ச ஆளுன்னு மாமா போயிருக்காரு.”

மாமா என்றது எங்கள் சொந்த மாமாவை அல்ல. நாலு வீடு தள்ளி இருந்தவரை அம்மா அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமா. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. வாய்க்காலில் வருகிற தண்ணீரை முறைப்படி வயல்களுக்குத் திருப்பிவிடுவதுதான் அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். தண்ணீர்த் தகராறில் இரண்டு பேர் அவரைப் பிடித்து உலுக்கினால்கூட நடுவில் நின்று வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்.

“அவரு அங்கயே இல்லையேம்மா?”

“அவரே எந்திரிச்சு, பையன் வாத்தியாராகப் போறவன், நான் போறேன்னு சொன்னாரு” என்றாள் அம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனந்தக் கண்ணீரை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு ஒரு வருஷம் தண்டனை கிடைத்தது. திருச்சி ஜெயிலில் போட்டார்கள். மற்ற மூவரும் சில மாதத்தில் வந்துவிட்டார்கள்.

எங்கள் பங்குச் சாமியார் அப்போது புதிதாக வந்தவர், இளைஞர். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி அதிக நாள் ஆகவில்லை. தமிழில் பேசிப் புரியவைக்கவேண்டும் என்று அவருக்கு ஒரே துடிப்பு. யாரோ செய்த குற்றத்துக்காக ஒரு நிரபராதி தானாக முன்வந்து ஜெயிலுக்குப் போயிருக்கிறார் என்று தெரு நாட்டாண்மை அவரிடம் சொல்லியிருந்தார். அடித்தது யார் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி அதையே பிரசங்கத்தில் வைத்தார்.

“பிதா நீதியுள்ளவர். பாவத்துக்குத் தண்டனை இல்லாம விடமாட்டார். ஆனா இரக்கமும் உள்ளவர். நம்மள தண்டிக்க மனசு வரலை. என்ன செஞ்சார்? நமக்குப் பதிலா ஒரு ஆளைக் குடுத்தார். மத்த ஊர்ல இதை விளக்கறது கஷ்டம். உங்க தெருவுக்கு நான் விளக்கவே வேண்டாம்.”

இடது பக்கம் முழுவதும் தலையசைத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அந்தப் பிரசங்கம் ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணில் நீர் வந்தது. எனக்காக ஒருவர் உள்ளே இருக்கிறார், அதுவும் விரும்பிப் போயிருக்கிறார், கடவுளும் அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் என்கிறார், வேறென்ன வேண்டும்? அந்த ஆடியில் வேலை ஆர்டரும் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். வலது பக்கம் முதல் வரிசையில் காரியக்காரர் இடது கையால் சிலுவை போடுவதைப் பார்க்கும்போது மட்டும் சுருக்கென்று இருக்கும். அவருடைய வலது முழங்கை மடங்காமல் மரம் மாதிரி நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்துகொள்வேன். பாவசங்கீர்த்தனத்தில் ‘கோபப்பட்டு ஒருத்தரை அடிச்சேன் சாமி’ என்று மொத்தமாகச் சொல்லி, சாமி அபராதமாகச் சொல்லச்சொன்ன மூன்று அருள்நிறை மந்திர செபத்தோடு தப்பித்திருந்தேன்.

ஜெயிலுக்கு ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால் வேலைக்கு ஆபத்து என்றாள் அம்மா. நானும் சரி என்றேன்.

அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் முதல் வாரத்தில் மாமா திரும்பி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய், எத்தனையோ நாளாக மனசுக்குள் எழுதிவைத்திருந்ததை ஒப்பித்தேன். காலில் விழுந்தேன்.

“எனக்காக நீங்களே முன்வந்து போனீங்க மாமா. இந்தச் சென்மத்துல மறக்கமாட்டேன்.”

அவர் என்னைத் தூக்கிவிட்டார். என்னையே பார்த்தார். கோபமில்லை. ஆச்சரியம்தான்.

“நானே போனேன்னு யாருப்பா சொன்னா?” என்றார். பிறகு, ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவர்போல, “சாப்பிட்டியா?” என்றார்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மாமா தானா போகலையா?”

முறத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவு காலம் அவள் தொண்டையிலேயே நின்றிருந்திருக்க வேண்டும், ஒரே மூச்சில் வந்தது.

“அவருக்கு அன்னிக்குக் காய்ச்சல்டா. கூட்டத்துக்கே வரலை. இன்ஸ்பெக்டரு ஜீப்புலயே உக்காந்திருந்தாரு. நாலு பேரு குடுங்க, அதுல அடிச்சவன் ஒருத்தன் இருக்கணும், இல்லேன்னா ஆம்பளைங்க மொத்தத்தையும் வண்டியில ஏத்துவேன்னாரு. மூணு பேரு ஒத்துக்கிட்டாங்க. அடிச்சவன்னு ஏற யாரும் வரலை. நாட்டாண்மைதான் சொன்னாரு, தெருவே அழியறதுக்கு ஒருத்தன் போனாப் போறான், பொண்டாட்டி புள்ளை இல்லாத ஆளாப் பாருங்கன்னு. எல்லாரும் என்னையப் பார்த்தாங்க.”

“உன்னை ஏன் பார்த்தாங்க?”

“நான் கூப்புட்டா வருவாருன்னுதான்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “கஞ்சி கொண்டுட்டுப் போனேன். குடிச்சாரு. சாட்சிக் கைநாட்டு ஒன்னு வேணுமாம், ஜீப்பு நிக்குது, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்கண்ணேன்னேன். அந்தக் காய்ச்சல்லயும் கிண்ணத்தைக் கழுவிக் குடுத்துட்டு, வேட்டியை மாத்திக்கிட்டுப் போனாருடா.”

என்னால் நம்ப முடியவில்லை. எனக்காக இடுப்பொடிய நாற்று நட்ட கை, ஒரு மனிதனைக் கஞ்சி கொடுத்து ஜீப்பில் ஏற்றியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில், என் வீட்டில் உட்கார்ந்திருந்தன.

“எனக்கு நீ ஒருத்தன்தானேடா” என்றாள்.

“அவருக்கு யாருமில்லேன்னுதானே அவரைக் குடுத்தீங்க?” என்று கத்தினேன்.

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அரிசியைப் புடைக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதைத் தெரிந்துகொண்ட மறுநாளே நான் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். போகவில்லை. ஐந்து வாரம் வேறு தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனேன். உண்மை வெளியே வந்தால் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். போலீசில் போய்ச் சொல்லிவிடலாம் என்று காலையில் தோன்றும், மத்தியானம் பசி எடுத்ததும் அந்த எண்ணம் போய்விடும். என் யோக்கியதை அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் பங்குபோட்டு வாசிப்பது வழக்கம். ஆண்டவர் பேசுவதைச் சாமியார் வாசிப்பார். நடந்ததைச் சொல்கிற பகுதி, சாமியாருக்குத் துணையாகச் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாருக்கு. ஆளுநர், காவலர், மற்றவர்கள் பேசுவதெல்லாம் எனக்கு. கூட்டம் கத்துகிற இடங்களை மட்டும் சனங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டும். அந்த வருஷம்தான் எங்கள் கோயிலில் அது முதல் தடவை. சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது, வாத்தியார் அல்லவா.

முந்தின ஞாயிறு பூசை முடிந்து எல்லாரையும் நிறுத்திப் பாடம் நடத்தினேன். “நான், யாரை விடுதலை செய்யட்டும்னு கேப்பேன். நீங்க, இவன் வேண்டாம், அவனை விடுதலை செய்யும்னு சத்தமா சொல்லணும்.” ‘இவன்’ என்றது ஆண்டவரை. ‘அவன்’ என்றது, கலகத்தில் ஆளடித்துச் சிறையிலிருந்த ஒரு கைதியை. அடுத்து, சிலுவையில் அறையும் என்று கத்தவேண்டிய இடம். ஒரு கிழவி மறுத்துவிட்டாள். “ஆண்டவரைப் போயி அப்புடிச் சொல்லுவனா? எனக்கு வாய் அழுவிப்போயிரும். நீ வேணா சொல்லிக்க.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஜீப்பைச் சுற்றி நின்றவர்களில் அந்தக் கிழவியும் உண்டு. கடவுளைச் சொல்ல வராத வாய் மனுஷனைச் சொல்லும்போது அழுகவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. வெயில் கொளுத்தியது. வாசிப்பு தொடங்கிச் சற்று நேரத்திலேயே உபதேசியார் அந்த இடத்துக்கு வந்தார். சனங்கள் எல்லாரும் அழிவதைவிட ஒருவன் சாவதே மேல் என்று யோசனை சொன்ன தலைமைக் குருவைப் பற்றிய இடம். சின்ன வயதிலிருந்து வருஷாவருஷம் உபதேசியார் தமிழில் சொல்லிக் கேட்ட வார்த்தைதான். அதை ஏதோ பக்தி வாக்கியமாகவே நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது, அதைச் சொன்னவன் அவரை நேசித்தவன் அல்ல, அவரைப் பிடித்துக்கொடுத்தவன். எங்கள் நாட்டாண்மை சொன்ன அதே கணக்கு. தெருவே அழியறதுக்கு ஒருத்தன் போனாப் போறான். சாமியார் பிரசங்கத்தில் பிதாவின் வாயில் வைத்ததும் அதே வார்த்தைதான். அப்படியானால் பிதாவும் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிற இன்ஸ்பெக்டர்தானா? யாராவது ஓர் ஆள் கிடைத்தால் போதுமா அவருக்கு?

என் முறை வந்துவிட்டது. ஆளுநராக நின்று, “யாரை விடுதலை செய்யட்டும்?” என்று கேட்டேன்.

“இவன் வேண்டாம்! அவனை விடுதலை செய்யும்!”

கோயில் அதிர்ந்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் ஒரே குரலில் கத்தின. நாட்டாண்மை கத்தினார். என் அம்மா கத்தினாள். காரியக்காரர் கத்தினார். ஆளடித்தவனை விடச்சொல்லி ஆளடித்தவனையே பார்த்துக் கத்துகிறது ஊர். இடது பக்கம் நாலாவது வரிசையில், தூணோரம், மாமா நின்றிருந்தார். அவருடைய உதடும் அசைந்தது. அவர் புத்தகத்தையோ பீடத்தையோ பார்க்கவில்லை, அவருக்கு எழுத்துத் தெரியாது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ‘அவனை விடுதலை செய்யும்’ என்று.

அடுத்த வரியை வாசிக்காமல் தாளைத் தாழ்த்திவிட்டேன். வாத்தியாருக்குப் பக்தியில் நெஞ்சு அடைத்துவிட்டது என்று நினைத்துப் பெண்கள் விசும்பினார்கள். உபதேசியார் என் பங்கையும் சேர்த்து வாசித்து முடித்தார்.

சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஆளாகப் போய் மண்டியிட்டேன். இந்தத் தடவை மொத்தமாகச் சொல்லவில்லை, மண்வெட்டிக் காம்பிலிருந்து கஞ்சிக் கிண்ணம்வரை சொன்னேன். பிறகு சாமி கூண்டைவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

“நான் அதைப் போய்ப் பிரசங்கத்துல வெச்சேனே” என்றார். “ஆளைக் குடுத்தார்னு சொன்னேனே.”

“அப்ப அது தப்பா சாமி?”

“ஆளைக் குடுத்தது நாமப்பா. அவர் இல்ல. யாரு மேல குத்தம் செஞ்சோமோ அவரே எறங்கி வந்து, நாம குடுத்த எடத்துல போயி நின்னாரு. மூணாவது ஆள் ஒருத்தனைப் புடிச்சுப் போட்டு ஆத்திரத்தைத் தீத்துக்கலை. நான் பாதியைச் சொல்லாம விட்டுட்டேன்.”

“அப்ப நியாயம்? நான் அடிச்சதுக்கு?”

“போய் அடிபட்டவர்கிட்டச் சொல்லு. ஜெயிலுக்குப் போனவர்கிட்டச் சொல்லு. அதான் உனக்கு அபராதம்.” மூன்று அருள்நிறை மந்திரம் எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் காரியக்காரர் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, நானும் வாசலிலேயே நின்றேன். அவர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை மடங்காமல் தொடையோரம் நீண்டு கிடந்தது. இடது கையால் சோற்றை அள்ளினார். அதை ஒருவர் பார்ப்பது எப்படிப்பட்ட அவமானம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. என்னைக் கண்டதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“என்ன வாத்தியாரே?”

“ஐயா, உங்களை அடிச்சது நான்.”

கத்துவார், அடிப்பார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“தெரியும்” என்றார்.

“தெரியுமா ஐயா?”

“எதுக்க நின்னுல்ல அடிச்சே? மூஞ்சி மறந்துபோயிருமா? ஆஸ்பத்திரிக்கு ஏட்டு அந்தத் தண்ணி பாய்ச்சுறவனைக் கூட்டியாந்து, இவன்தானேன்னாரு. பண்ணையில பேசி முடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்கா, உயிர் போற வலி. உங்க தெருவுல எவனா இருந்தா என்னன்னு இருந்துச்சு. ஆமான்னுட்டேன்.”

அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். “அப்ப அவன் என்னையப் பார்த்துக் கேட்டான், கை ரொம்ப வலிக்குதாங்கன்னு. அதுக்கப்புறம் எனக்கு நிம்மதின்னு ஒன்னு கெடையாது.”

ஊருக்கே தெரிந்திருக்கிறது. அடித்தவனுக்குத் தெரியும், அடிபட்டவருக்குத் தெரியும், கொடுத்தவர்களுக்குத் தெரியும், வாங்கிப்போன போலீசுக்கும் தெரியும். ஒருவர்கூட ஏமாந்துபோய்ச் செய்யவில்லை. எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டே செய்திருக்கிறோம்.

“ஐயா, என்னை மன்னிச்சிருங்க.”

“கோவம் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். சோத்துல கை வைக்கும்போதெல்லாம் உன் நெனப்புதான் வருது. ஆனா மன்னிக்கமாட்டேன்னு சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? நீ அடிச்சுட்டு ஓடினே, நான் அவனைக் கை காட்டினேன். போ. அவனைப் பார்த்தா...” என்று நிறுத்தினார். “ஒன்னும் சொல்லவேண்டாம். நானே வர்றேன்.”

மாமா மதகுக்குப் பக்கத்தில் இருந்தார். கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், தண்ணீர் வருவதற்குள் தூர் வாரவேண்டும். தனியாக உள்ளே இறங்கி வண்டல் வெட்டிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்கினேன். சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். அம்மா சொன்னது, காரியக்காரர் சொன்னது, ஐந்து வாரம் ஒளிந்து திரிந்தது. அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“உங்களுக்கு எப்ப மாமா தெரிஞ்சுது?”

“ஸ்டேஷன்லயே தெரிஞ்சுபோச்சு. உன் அம்மா மொகம் சரியில்லேன்னு கஞ்சி குடிக்கும்போதே நெனச்சேன்.”

“கோர்ட்டுல சொல்லியிருக்கலாமே. நான் இல்லைன்னு ஒரு வார்த்தை.”

மண்வெட்டியை ஊன்றி நின்றார். “சட்ஜு கேட்டாரு, நீதான் அடிச்சியான்னு. ஆத்திரமா வந்துச்சுப்பா. தெரு மேல, உன் அம்மா மேல, உன் மேல. பேரைச் சொல்லிறலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அவனுங்க என்னையக் குடுத்தானுங்க. நான் உன்னையக் குடுக்கணும். நாளைக்கு நீ எவனையாவது குடுப்பே. இந்த ஆள் குடுக்குற வேலை என்னோட நிக்கட்டும்னு, ஆமாங்கன்னுட்டேன்.”

நான் அழுதேன். “நான் போலீசுல போயி ஒத்துக்கறேன் மாமா. வேலை போனாப் போவட்டும்.”

“போனா?” என்று முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். “நான் ஒரு வருசம் உள்ள கெடந்தது யாருக்காம்? அதை வீணாக்கப் பாக்குறியா?”

ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தண்டனை வாங்குவதற்கு வழி உண்டு, அனுபவித்தால் தீர்ந்துவிடும். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதிலும் முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

“நேத்துக் கோயில்ல...” என்று இழுத்தேன். “நீங்களும் சேர்ந்து சொன்னீங்க. என்னையப் பார்த்து.”

“நீதானே சொல்லிக்குடுத்தே? வாத்தியார் பேச்சை மீறலாமா?” என்று சிரித்தார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளிப் போட்டார். சிரிப்பு அடங்கியபிறகு, “ஊரு நேத்துதான் சொன்னுச்சு. நான் அதைக் கோர்ட்டுலயே சொல்லிட்டேன்” என்றார்.

பிறகு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். காரியக்காரரை அடித்த நாளிலிருந்து நான் மண்வெட்டியைத் தொட்டதில்லை. கை கூசியது. “புடி” என்றார். வாங்கிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தேன்.